மாமா கட்டிய புழு

வெளியே சாரல் பிடித்திருந்தது. பேத்தி திண்ணையில் உட்கார்ந்து நகத்துக்குப் பூச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். செங்கோட்டைக் கணவாய் வழியே வருகிற ஆனிக் காற்று அந்த நெடியை அப்படியே வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்தது. கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்தேன். என் தாய்மாமாவின் ஜன்னலோர மேஜை கண்முன் வந்து நின்றது.

அது பழைய தையல் மிஷினின் மேஜை. மிஷினை அத்தை எப்போதோ கழற்றி விற்றுவிட்டாள். அதன் விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு சின்ன வைஸ் திருகி வைத்திருக்கும். வைஸின் வாயில் ஒரு தூண்டில் முள். பக்கத்தில் சிகரெட் டப்பா நிறைய ஃபியூஸ் கம்பி, மோட்டார் காயிலில் இருந்து உருவிய செம்புக் கம்பி, பிரித்தெடுத்த கம்பளி நூல், மயில் பீலி, ஒரு குப்பி நகப்பூச்சு. தென்காசி சன்னதித் தெரு ஃபேன்சி கடையில் மாமா நகப்பூச்சு கேட்டால், கடைக்காரர் அத்தைக்கென்று நினைத்துச் சிவப்பும் ரோஸுமாக எடுத்து வைப்பார். மாமா நிறமில்லாததைக் காட்டச் சொல்வார். தூண்டில் முள்ளில் கட்டி முடித்த செயற்கைப் பூச்சியின் தலையில் கடைசி முடிச்சு அவிழாமலிருக்க ஒரு சொட்டு வைக்கத்தான் அது.

மாமா மின்சார வாரியத்தில் இருந்தவர். இளவயதில் அவரை நீலகிரியில் குந்தாவுக்கு அனுப்பினார்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டின் உதவியோடு அங்கே நீர்மின் நிலையங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. கனடாவிலிருந்து வந்த பொறியாளர்களில் சிலருக்கு ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவலாஞ்சிப் பக்கத்து ஓடைதான். பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போகிற பையனாகத்தான் மாமா முதலில் போயிருக்கிறார்.

அந்த ஓடைகளில் இருந்தது டிரவுட் மீன். அது நம் நாட்டு மீன் அல்ல. ஆங்கிலேயர்கள் 1860-களிலேயே அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார்கள். பிறகு எச். சி. வில்சன் என்பவரின் முயற்சியில் அவலாஞ்சியில் 1907-இல் குஞ்சு பொரிக்கும் பண்ணை அமைந்தது. குளிர்ந்த, ஓடுகிற நீரில் மட்டுமே வாழும் அந்த மீன் ஊட்டி மலை ஓடைகளில் நிலைத்துவிட்டது. அதைப் பிடிக்க மண்புழு கோத்துத் தக்கை போட்டு உட்கார்வதை அந்தப் பொறியாளர்கள் விரும்பவில்லை. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றி, மீன் அன்றாடம் தின்னும் பூச்சியைப் போலவே ஒன்றைச் செய்து, அதை வீசிப் பிடிப்பார்கள். சில பூச்சிகள் நீர்மேல் மிதக்கும். சில அடியில் உருளும். மாமாவின் மனசைப் பிடித்தது அடியில் உருளுகிற வகை. ஊர் திரும்பிய பொறியாளர் ஒருவர் தன் வைஸையும் ஒரு பெட்டி முள்ளையும் மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அதைச் சொல்லும்போது மாமாவின் குரல் கொஞ்சம் இறங்கும்.

பல வருஷம் கழித்துப் பாபநாசம் மின் நிலையத்துக்கு மாற்றலாகி வந்தார். விடுமுறை நாட்களில் தென்காசி வீட்டுக்கு வந்துவிடுவார். எங்கள் வீடும் அவர் வீடும் அடுத்தடுத்த தெரு. யானைப்பாலத்துக்கு இறங்கினால் சிற்றாறு. நான் அரைக்கால் சட்டைப் பையன். எனக்குத் தெரிந்த மீன்பிடிப்பு வேறு: மூங்கில் கம்பு, தங்கூஸ் நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை, சாணக்குழி ஓரம் தோண்டிய மண்புழு. பொடிக் கெண்டை மாட்டும். சில நாள் உளுவையும் ஆரலும் வரும். மாமா என் டப்பாவைத் திறந்து புழுக்களைப் பார்த்துவிட்டு, "மருமவனே, இந்தப் புழு மீனுக்கு எப்பமாச்சும் மழையில அடிச்சிக்கிட்டு வந்தா கெடக்கிற பண்டம். தெனம் அது திங்கிற சோறு எங்க இருக்கு, தெரியுமா?" என்று கேட்டார்.

குற்றாலச் சீசன் முடிந்து வெள்ளம் தணிந்திருந்தது. இலஞ்சிக்கு மேலே, தண்ணீர் கணுக்கால் ஆழத்தில் கற்களின் மேல் சளசளவென்று ஓடும் இடத்துக்குக் கூட்டிப்போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, தேங்காய் அளவுக்கு ஒரு கல்லைத் தூக்கித் திருப்பினார். அடிப்பக்கம் ஒரு சின்ன ஊரே இருந்தது. தட்டையான பூச்சிகள் வெளிச்சத்தைக் கண்டு ஓடி ஒளிந்தன. மணலும் பொடிக்கல்லும் ஒட்டி ஒட்டிக் கட்டிய குழல்கள், சேமியாத் துண்டைவிடக் கொஞ்சம் பருமனாக, கல்லில் பிடித்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்றை நகத்தால் மெல்லப் பெயர்த்து என் உள்ளங்கையில் வைத்தார். கொஞ்ச நேரம் அசைவில்லை. பிறகு குழலின் வாயிலிருந்து பழுப்புநிறத் தலையும் ஆறு கால்களும் எட்டிப் பார்த்தன. குழலை இழுத்துக்கொண்டே அது என் ஆயுள்ரேகை மேல் நடக்கத் தொடங்கியது.

"காடிஸ்" என்றார் மாமா. அவர் வாயில் வந்த அந்தப் பெயரோடுதான் நான் வளர்ந்தேன். தண்ணீருக்குள்ளேயே பட்டு நூற்கும் புழு அது. பட்டுப்பூச்சிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் நெருங்கிய உறவு. உலகில் இதுபோல 15,000 வகைகளுக்கு மேல் உண்டு. வாயருகில் சுரக்கும் பட்டால் மணலை மணலோடு ஒட்டி வீடு கட்டும். சில வகை இலைத்துணுக்கையோ குச்சியையோ வெட்டி ஒட்டும். இன்னும் சில வகை வீடு கட்டாமல் இரண்டு கற்களுக்கு நடுவில் வலை பின்னி வைத்துவிட்டு, நீர் அடித்துக்கொண்டு வருவதை அதில் பிடித்துத் தின்னும். அந்த வலை அத்தனை சன்னம். வேகமாக ஓடுகிற ஓடையில் அது கிழியாமல் நிற்பதை மாமா எனக்குக் குனிந்து காட்டிய நாள் மறக்கவில்லை. புழு வளர்ந்ததும் தண்ணீருக்குள்ளேயே கூடு மூடி உறங்கும். பிறகு நீந்தி மேலே வந்து இறக்கை விரிக்கும். விட்டிலைப் போன்ற அந்தப் பூச்சியை நாம் தெருவிளக்கடியில் எத்தனையோ முறை பார்த்திருப்போம். அது ஆற்றிலிருந்து வந்ததென்று யாரும் நினைப்பதில்லை.

மீன் இந்தப் புழுவைத் தேடித்தான் கற்களுக்கு நடுவே மூக்கை நுழைக்கும். வெள்ளம் கல்லைப் புரட்டும்போது புழு பிடி நழுவி அடியோடு உருண்டு போகும். அந்தச் சமயம் கெண்டைகள் காத்திருந்து கவ்வும். பாறையில் ஒட்டிக்கொண்டு பாசி மேயும் கல்லொட்டிக்கு இதில் அவ்வளவு நாட்டமில்லை. எந்த மீன் எதைத் தின்னும் என்று அதன் வாயின் அமைப்பைப் பார்த்தே சொல்ல மாமாவிடம்தான் கற்றேன்.

அன்று சாயங்காலம் மேஜையில் உட்கார்ந்தார். நான் ஸ்டூலில். முள்ளை வைஸில் இறுக்கினார். தண்டின் மேல் ஃபியூஸ் கம்பியை நெருக்கமாகச் சுற்றினார். ஈயமும் வெள்ளீயமும் கலந்த அந்தக் கம்பி மெத்தென்று வளையும். வாரியத்தில் இருந்தவருக்கு அது கிடைக்கக் கஷ்டமா? முன்பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றுவார். "எடை எதுக்கு மாமா?" என்று கேட்டேன். "ஏலே, புழு எங்க இருக்கு?" "அடியில." "நீ வெறும் பஞ்சையும் இறகையும் கட்டிப் போட்டா அது எங்க போவும்?" "மேல மிதக்கும்." "அவ்வளவுதாம்ல." அதற்குமேல் விளக்கம் கிடையாது. வேகமான தண்ணீரில் பூச்சி அடிக்கு இறங்க இரண்டு மூன்று நொடிதான் கிடைக்கும். அதற்குள் இறங்காவிட்டால் மீன் இருக்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடும். எடை தண்டின் முதுகுப்பக்கம் கூடியிருந்தால் முள்ளின் கூர் மேல்நோக்கித் திரும்பிக்கொள்ளும். பாறையிடுக்கில் மாட்டுவது குறையும். இதையெல்லாம் பின்னால் ஆற்றில் நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஈயத்தின் மேல் கம்பளி நூல். ஊட்டிக் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டர் தென்காசியில் பயன்படாமல் கிடந்தது. அதைப் பிரித்து, பாலில் கொஞ்சம் மஞ்சள் கலந்தாற்போன்ற அந்த நிறத்துக்கு நூலைத் தேர்ந்தெடுத்தார். உயிருள்ள புழுவைப் பக்கத்தில் ஒரு தட்டில் தண்ணீர் விட்டு வைத்திருப்பார். நூலை அதனருகே பிடித்து, நனைத்து, மறுபடி பிடித்துப் பார்ப்பார். காய்ந்த நூலின் நிறம் வேறு, நனைந்ததன் நிறம் வேறு. மீன் பார்ப்பது நனைந்ததை. பிறகு உடம்பின் வளையங்களுக்காகச் செம்புக் கம்பியைச் சரிவாகச் சுற்றி இறக்குவார். கடைசியில் தலையருகே மயில் பீலியின் ஒற்றை இழையைச் சுற்றுவார். அந்த இழையில் இருக்கும் பச்சையும் பழுப்பும் தண்ணீருக்குள் போனதும் பூச்சியின் கால்கள் அசைவதைப்போல மினுங்கும். பண்பொழி திருமலைக் கோவில் பக்கம் போனால் மயில் தானாக உதிர்த்த பீலி கிடைக்கும். பறவையிடமிருந்து ஒன்றைக்கூடப் பிடுங்கக்கூடாது என்பதில் மாமா கண்டிப்பானவர்.

குழல் கட்டும் வகைக்கு இன்னொரு வேலை உண்டு. உடம்பு முழுக்க நகப்பூச்சைத் தடவி, அது உலர்வதற்குள் ஒரு தாளில் பரப்பிய சிற்றாற்று மணலில் உருட்டி எடுப்பார். மணல் ஒட்டிக்கொள்ளும். அந்த மணலை அரித்துக் காயவைத்துக் கொடுப்பது என் வேலை. இலஞ்சியில் எடுத்த மணலையும் தென்காசியில் எடுத்த மணலையும் தனித்தனிச் சீசாவில் வைக்கச் சொல்வார். புழு எங்கே இருக்கிறதோ அங்கத்து மணலில்தான் வீடு கட்டும், நாம் ஏன் மாற்ற வேண்டும் என்பார்.

ஒரு விஷயம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்தத் தூண்டில் பூச்சிக் கலைக்கும் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மிகப் பழைய தொடர்பு உண்டு. குற்றாலத்துக் காட்டில் கூவும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகில் மெழுகு தடவியதுபோல மஞ்சளும் வெள்ளையுமாகப் பொட்டுக்கள் இருக்கும். ஐரோப்பாவில் சால்மன் மீனுக்குப் பூச்சி கட்டுகிறவர்கள் அந்த இறகுக்காக உயிரை விடுவார்கள். அவர்கள் கண்ணுக்கு அது குஞ்சுமீனின் கண்ணாகத் தெரிகிறது. அந்த ஆசைக்கு நம் காட்டுக்கோழிகள் ஏராளமாகப் பலியாகி, தோலும் இறகுமாகக் கப்பலேறின. பறவைத் தோல், இறகு ஏற்றுமதியை இந்தியா 1902-இல் தடை செய்தது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கும் கடிவாளம் போட்டது. இன்று மேல்நாட்டில் அந்த இறகு வேண்டுமென்றால் அவர்களே வளர்க்கும் பறவையிலிருந்துதான் எடுக்கிறார்கள். குந்தாவில் பழகிய பொறியாளர் ஒருவர் மாமாவிடம் அந்த இறகைக் கேட்டிருக்கிறார். மாமா முடியாதென்று சொல்லிவிட்டாராம். "எடுத்துக் குடுத்திருந்தா எனக்கு ஒரு கைக்கடிகாரம் கெடச்சிருக்கும்" என்று சொல்லும்போது அவர் முகத்தில் நிறைவுதான் இருந்தது.

கட்டிய பூச்சியோடு ஆற்றில் இறங்கும் காலை தனிச் சந்தோஷம். விடிகிற நேரம், காசி விசுவநாதர் கோவில் மணி காற்றில் மிதந்து வரும். மாமாவிடம் ராடு கிடையாது, உருளை கிடையாது. நல்ல முற்றின மூங்கில் கம்பு, அதே நீளத்துக்கு நரம்பு, அவ்வளவுதான். இடுப்பளவு கூட ஆழமில்லாத ஓட்டத்தில் மேலே போட்டு, கம்பின் நுனியாலேயே பூச்சியைக் கூட்டிக்கொண்டு போவார். ஈயம் கல்லில் தட்டுவது கம்பு வழியே கைக்குத் தெரியும். தட், தட். அதைக் கையால் கேட்கப் பழகிவிட்டால் ஆற்றின் அடித்தளம் முழுக்கக் கண்ணுக்குத் தெரிந்தமாதிரிதான். மீன் கடித்தால் தக்கை அமுங்காது, தக்கையே இல்லையே. போய்க்கொண்டிருக்கிற நரம்பு ஒரு கணம் நிற்கும். "நின்னுச்சுன்னா சுண்டுலே. கல்லா மீனான்னு யோசிக்காத. யோசிக்கிற நேரத்துல அது துப்பிரும்." பெரும்பாலும் கல்லாகத்தான் இருக்கும். அப்புறம் ஒருதரம் கம்பின் நுனி கல் மாதிரி நிற்காமல் துடிக்கும். வயிற்றில் வெள்ளி மின்ன, வாலோரம் கரும்பொட்டோடு ஒரு கெண்டை மேலே வரும். மாமாவைப் பார்த்து முதன்முதலாக நான் கட்டிய புழுவை ஒரு மீன் நம்பியது என்ற அந்த நினைப்பு, பிறகு நான் வாங்கிய எந்தச் சம்பளத்திலும் வரவில்லை.

பின்னாளில் படித்தபோதுதான் தெரிந்தது: 1980-களில் போலந்து, செக்கோஸ்லோவாக்கியா நாட்டுத் தூண்டில்காரர்கள் கிட்டத்தட்ட இதையேதான் செய்தார்கள். காடிஸ் புழுவைப்போல எடை வைத்துக் கட்டிய பூச்சியைக் குட்டை நரம்பில் கம்பு நுனிக்கு அடியிலேயே உருட்டிச் செல்லும் அவர்களின் முறை உலகம் முழுக்கப் பரவிவிட்டது. கையில் இருக்கும் மூங்கிலும் காலடியில் ஓடும் ஆறும் சொல்லிக்கொடுப்பது எல்லா நாட்டிலும் ஒரே பாடம்தான்.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. என் மகனுக்குத் தெரிந்த பையன் ஒருவன் துளையிட்ட டங்ஸ்டன் மணிகளை ஆன்லைனில் வாங்கியிருக்கிறான். ஈயத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல 11.3 மடங்கு, டங்ஸ்டனுடையது 19.3 மடங்கு. சின்ன மணியே சரசரவென்று அடிக்கு இறங்கிவிடுகிறது. ஈயத்தை விட்டது நல்லதுதான். ஆற்றில் விழுந்த ஈயக் குண்டுகளைக் கூழாங்கல்லோடு விழுங்கி அன்னங்கள் செத்ததால் பிரிட்டனில் பெரும்பாலான ஈயத் தூண்டில் எடைகளை 1987-இல் தடை செய்தார்கள். அந்தப் பையனிடம் மாமாவின் ஃபியூஸ் கம்பியைப் பற்றிச் சொன்னேன். இனிக் கட்டும்போது டங்ஸ்டன் இல்லாவிட்டால் பித்தளை மணி போதும், ஈயம் வேண்டாம் என்றும் சொன்னேன். மாமா இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

மாறாமல் இருந்திருக்க வேண்டியது ஆறு. சாரல் நின்ற ஒரு காலையில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு யானைப்பாலம் பக்கம் இறங்கினேன். ஷாம்பு பாக்கெட்டுகளும் பழைய துணியும் கரையோரம் ஒதுங்கியிருந்தன. கல்லைத் தூக்கிப் பார்த்தோம். குழல் வீடுகள் இல்லை. வலைகள் இல்லை. சகதிக்குள் சிவந்த மெல்லிய புழுக்கள் நெளிந்தன. ரத்தத்தில் நமக்கு இருப்பதுபோலவே ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சாக்கடை நீரிலும் தாக்குப்பிடிக்கிற புழுக்கள் அவை. மற்றொரு நாள் மலையடிவாரத்துக்குப் பக்கமாகப் போனோம். அங்கே தண்ணீர் தெளிவாக ஓடியது. முதல் கல்லிலேயே மணல் குழல்கள் ஒட்டியிருந்தன. பேத்தி கையை நீட்டினாள். உள்ளங்கையில் வைத்தேன். கொஞ்ச நேரம் பொறுத்து அது தலையை நீட்டியது.

ஆற்று நீர் நல்லதா என்று பார்க்க ஆய்வாளர்கள் இதைத்தான் செய்கிறார்கள். காடிஸ், மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை என்ற மூன்று பூச்சிக் கூட்டங்களின் குஞ்சுகள் கல்லடியில் எத்தனை வகை இருக்கின்றன என்று எண்ணுகிறார்கள். மூன்றும் அசுத்தத்தைப் பொறுக்காதவை. எண்ணிக்கை குறைந்தால் ஆறு நோயாளி. குற்றாலம் இந்த அறிவியலுக்குப் புதிய இடமில்லை. கே. ஜி. சிவராமகிருஷ்ணன் 1984-இல் விவரித்த ஒரு மேஃப்ளை இனத்துக்குக் குற்றாலத்தின் பெயரையே சூட்டி, 'பீட்டர்சுலா கோர்டலென்சிஸ்' என்று பெயரிட்டார். ஊரின் பெயரைத் தாங்கிய ஓர் உயிர் அந்தத் தண்ணீரில் இருக்கிறதென்று பேரருவியில் குளிக்க வருகிறவர்களில் எத்தனைபேருக்குத் தெரியும்?

அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாதென்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட பிறகு நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது. ஆனால் அருவிக்குக் கீழே சிற்றாறு இன்னும் எண்பது கிலோமீட்டர் அளவுக்கு ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியைச் சேர வேண்டியிருக்கிறது. அந்த வழியெல்லாம் காவலுக்கு யாரும் நிற்பதில்லை. ஊர்ச் சாக்கடையைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடக்கூடாது. ஆற்றுப் படுகையின் கல்லையும் மணலையும் அள்ளக்கூடாது. வீடு கட்ட மணல் வேண்டியது நமக்கு மட்டும் இல்லை.

மாமா எனக்குக் கற்றுக்கொடுத்தது மீன் பிடிக்க என்றுதான் அப்போது நினைத்தேன். ஒன்றைப்போல இன்னொன்றைச் செய்ய வேண்டுமென்றால் முதலில் அதை மணிக்கணக்கில் உற்றுப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்த எதையும் அழிக்க மனசு வராது. இதுதான் அந்த மேஜையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட படிப்பு.

சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்குங்கள், அருவியில் ஆசை தீரக் குளியுங்கள். ஊர் திரும்பும் முன் பிள்ளைகளை ஆழமில்லாத, பாதுகாப்பான ஓர் ஓரத்துக்குக் கூட்டிப்போய் ஒரு கல்லைத் தூக்கிக் காட்டுங்கள். பார்த்து முடித்ததும் கல்லை எடுத்த இடத்திலேயே, இருந்த பக்கமாகவே வைத்துவிடுங்கள். கொண்டுபோன பாக்கெட்டுகளை மறக்காமல் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.